உலான் படையின் இளம் அதிகாரி

போர் நினைவுக் குறிப்புகளில் தளபதிகள் எழுதியவற்றை நான் இரண்டாம் இடத்திலேயே வைப்பதுண்டு. வரைபடத்தைப் பார்த்துப் போர் நடத்தியவர்களுக்குக் குதிரையின் பசி தெரிவதில்லை. நதேஷ்தா துரோவா 1836இல் ரஷ்ய மொழியில் வெளியிட்ட நூல் என்னைக் கவர்ந்தமைக்கு இதுவே முதற்காரணம்.

1783இல் பிறந்த இவர், ஹுஸார் குதிரைப்படை அதிகாரி ஒருவரின் மகள். 1806இல் காமா நதிக்கரையிலுள்ள சரபுல் நகரை விட்டு இரவில் வெளியேறினார். மூழ்கி இறந்துவிட்டதாக எண்ணட்டும் என்று உடைகளைக் கரையிலே போட்டுவிட்டு, ஆணுடையில் கொசாக் படையொன்றுடன் இணைந்து சென்றார். மறுவருடம் குரோத்னோவில் உலான் படையொன்றில் ஆண் பெயரோடு சேர்ந்தார். துருக்கிய மொழிகளில் பையனைக் குறிக்கும் 'ஒக்லான்' என்பதே 'உலான்' ஆயிற்று என்பர். போலந்து, லித்துவேனியப் பகுதிகளில் குடியேறிய தார்த்தாரிய முஸ்லிம் குதிரைவீரர்கள் வழியாக ஐரோப்பியப் படைகளுக்குள் புகுந்த சொல் அது. 'பையன்'களின் படையில் ஒரு பெண்!

1807 ஜூனில், பத்தே நாட்களுக்குள் குட்ஸ்டாட், ஹைல்ஸ்பெர்க், ஃபிரீட்லாந்து என மூன்று களங்கள். அவர் அதிகம் எழுதுவது பகைவரைப் பற்றியல்ல. வேலின் பாரத்தால் கை வலிப்பது, பசி, மழை, உறக்கமின்மை, அல்கித் என்ற தம் குதிரை ஆகியவற்றைப் பற்றியே. குட்ஸ்டாட்டில் பிரெஞ்சுக் குதிரைவீரர்கள் சூழ்ந்துகொண்ட ரஷ்ய அதிகாரி ஒருவரை மீட்டு, தம் குதிரையையே கொடுத்தனுப்பினார். ஹைல்ஸ்பெர்க்கில் அல்கித்தின் வயிற்றுக்கடியிலேயே குண்டு வெடித்தது. ஃபிரீட்லாந்தில் ஆற்றை முதுகுப்புறம் வைத்துப் போரிட்ட ரஷ்யப் படை நெப்போலியனிடம் தோற்றது. தம் படைப்பிரிவில் பாதிக்கு மேற்பட்டோர் வீழ்ந்ததாக எழுதுகிறார்.

இத்தனைக்கும் தப்பிய அல்கித், போர் ஓய்ந்தபின் வேலியொன்றைத் தாண்டுகையில் கூரிய கட்டை குத்தி இறந்தது. நூலில் மிகுந்த ஈரமுள்ள பக்கங்கள் இவைதாம்.

தந்தை தேடத் தொடங்கியதும் இரகசியம் அம்பலமாயிற்று. 1807 டிசம்பரில் ஸார் மன்னர் முதலாம் அலெக்சாந்தர் அவரை அழைத்துப் பேசி, புனித ஜோர்ஜ் சிலுவைப் பதக்கமும் அதிகாரிப் பதவியும் அலெக்சாந்திரோவ் என்ற பெயரும் வழங்கினார். 1812இல் பொரோதினோக் களத்தில் கையுறையின்றி விறைத்த விரல்களோடு நின்றவரைப் பீரங்கிக் குண்டொன்று காலில் தாக்கியது. பின்னர் குத்தூஸோவிடம் ஏவலதிகாரியாக இருந்தார். 1816இல் ஓய்வு பெற்றார்.

வீட்டை விட்டுச் சென்றபோது தமக்குப் பதினாறு வயது என்கிறது நூல். உண்மையில் இருபத்துமூன்று. 1801இல் திருமணமாகி, 1803இல் இவான் என்றொரு மகனையும் பெற்றிருந்தார். கணவருமில்லை, மகனுமில்லை நூலிலே. இதைக்கொண்டு முழு நூலையும் பொய்யென ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. விறைத்த விரல்களைக் கற்பனை செய்து அவருக்கு ஆகவேண்டியது எதுவுமில்லை. வாளேந்திய கன்னியை அச்சமூகம் கொண்டாடியிருக்கும்; பிள்ளையை விட்டுச் சென்ற தாயை மன்னித்திருக்காது. அதை அவர் அறிந்தே எழுதினார் என்பது என் எண்ணம். ஆயினும், குதிரைக்காகக் கண்ணீர் வடித்த பேனை மூன்று வயது மகனுக்கு ஒரு வரி கொடுக்கவில்லை என்பது வாசிக்கும்போதெல்லாம் உறுத்தவே செய்கிறது.

1836இல் நூலின் ஒரு பகுதியைத் தம் சஞ்சிகையில் வெளியிட்ட புஷ்கின், துரோவா என்ற பெயரையும் வெளிப்படுத்திவிட்டார். அவர் கடுமையாக ஆட்சேபித்தார். ரஷ்ய மொழியில் 'நான் போனேன்' என்றாலே சொல்பவர் ஆணா பெண்ணா என்பது வினையில் தெரிந்துவிடும். நூலில் தம்மைப் பெண்பாலில் எழுதியவர், பேச்சிலோ 1866இல் யெலபூகாவில் இறக்கும்வரை ஆண்பாலையே விடவில்லை.