பஞ்சர் தாங்கும் மிதிவண்டி டயர்களின் வரலாறு

சாலை மிதிவண்டிப் பயிற்சியில் ஈடுபடுவோர் பயன்படுத்தும், எளிதில் பஞ்சர் ஆகாத, நீண்ட நாள் உழைக்கும் டயர்கள் பயிற்சி டயர்கள் எனப்படுகின்றன. பெரிய பந்தயங்களில் வீரர்களுக்குப் பின்னால் உதவி வாகனம் வரும். விடியற்காலையில் தனியே பயிற்சி செய்பவருக்கு அந்த வசதி இல்லை. இறக்கமான சாலையில் முன் டயர் திடீரெனக் காற்றிழந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். எனவே வேகத்தை எவ்வளவு விட்டுக்கொடுத்து உறுதியைப் பெறுவது என்பதே இந்த டயர்களின் வரலாற்றில் தொடர்ந்து வரும் கேள்வியாகும்.

தொடக்கம்

காற்றடைத்த டயருக்கு 1845இல் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன். குதிரை வண்டிகளுக்காக அவர் உருவாக்கிய டயரின் மேலுறை தோலால் ஆனது. அது பரவாமல் மறக்கப்பட்டது. 1887இல் பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகக் காற்று டயரை மீண்டும் கண்டுபிடித்தார். 1888இல் அவர் பெற்ற காப்புரிமை, தாம்சனின் காப்புரிமை தெரியவந்ததால் பின்னர் செல்லாததாயிற்று. எனினும் 1889இல் வில்லி ஹியூம் என்ற வீரர் டன்லப் டயருடன் பெல்பாஸ்டில் பந்தயங்களை வென்றபின், கட்டி ரப்பர் டயர்கள் விரைவில் வழக்கொழிந்தன.

கட்டி ரப்பர் டயரில் பஞ்சர் என்பதே கிடையாது. காற்று டயர் தந்த வேகத்தோடும் சொகுசோடும் சேர்ந்து வந்த தொல்லை அது.

எளிதாகப் பழுது நீக்குதல்

டன்லப் டயர் சக்கரத்துடன் ஒட்டப்பட்டிருந்ததால், பஞ்சர் ஒட்டப் பல மணி நேரம் ஆயிற்று. பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரான் நகரில் ரப்பர் தொழிற்சாலை நடத்திய மிஷெலின் சகோதரர்கள், கழற்றி மாட்டக்கூடிய டயரை 1891இல் உருவாக்கினர். அதே ஆண்டு, சுமார் 1,200 கி.மீ. தொலைவுள்ள முதல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தில் சார்ல் தெரோன் அந்த டயருடன் ஏறத்தாழ 71 மணி நேரத்தில் வென்றார். அடுத்த ஆண்டு மிஷெலின் நிறுவனம் நடத்திய பந்தயத்தில், டயரைக் கழற்றுவது எவ்வளவு எளிது என்று காட்டச் சாலையில் ஆணிகளே தூவப்பட்டன!

ஆயினும் பந்தய வீரர்கள் நெடுங்காலம் டியூபை உள்ளே வைத்துத் தைத்து, ரிம்மில் பசையால் ஒட்டும் டயர்களையே விரும்பினர். அவை எடை குறைந்தவை. மாற்று டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர்கள் ஓட்டினர்.

பஞ்சரைத் தடுத்தல்

1965இல் டூபான்ட் நிறுவனத்தின் வேதியியலாளர் ஸ்டெஃபனி குவோலெக், கார் டயர்களை வலுப்படுத்த இலேசான இழையொன்றைத் தேடும் ஆய்வில், பின்னர் கெவ்லார் எனப் பெயர் பெற்ற இழைக்கு வழிவகுத்தார். இத்தகைய வலுவான இழைகள் பின்னர் மிதிவண்டி டயருக்குள்ளும் இடம்பெற்றன.

இன்றைய பாதுகாப்பு டயர்களில் இரு முறைகள் முக்கியமானவை. முதலாவது, தரையில் படும் ரப்பருக்கு அடியில் நெருக்கமாக நெய்த இழைப் பட்டையை வைப்பது. கான்டினென்டல் நிறுவனத்தின் கேட்டர்ஸ்கின் இவ்வகை; அதன் பக்கச் சுவருக்கும் பாதுகாப்புத் துணி உண்டு. இரண்டாவது, தடித்த ரப்பர் அடுக்கை வைப்பது. ஷ்வால்பே நிறுவனத்தின் மாரத்தான் பிளஸ் இவ்வகை. முள்ளும் ஆணியும் டியூபை எட்டுவது இதில் கடினம். ஆனால் எடை கூடும், டயரின் நெகிழ்வு குறைந்து உருள்வதும் மந்தமாகும்.

தேர்வு

கண்ணாடித்துண்டும் முள்ளும் மட்டும் பஞ்சருக்குக் காரணமல்ல. காற்று குறைந்த டயர் பள்ளத்தில் மோதும்போது, டியூப் ரிம்முக்கு இடையில் நசுங்கி இரட்டைத் துளை விழும். இதைக் குறைக்க, 23 மி.மீ. டயருக்குப் பதிலாக, சட்டகம் இடம் தந்தால் 25 அல்லது 28 மி.மீ. டயர் ஏற்றது. அன்றாடப் பயிற்சிக்கு இழைப் பட்டை உள்ள டயர் போதும். முள் மிகுந்த பாதைக்கு ரப்பர் அடுக்கு பொருந்தும். பந்தய நாளுக்கு இலேசான டயரைத் தனியே வைத்துக்கொள்ளலாம்.

எந்த டயரும் பஞ்சரை முற்றிலும் தடுப்பதில்லை. ஓட்டி முடித்தபின் டயரில் சிக்கிய துகள்களை எடுத்துவிட வேண்டும். புது டியூப் மாட்டுமுன் டயரின் உட்புறத்தைக் கவனமாகத் தடவிப் பார்ப்பதும் அவசியம். உள்ளே தங்கிய முள் புது டியூபையும் குத்திவிடும்.