மகியார் புதைகுழிகளில் குதிரைச் சேணமும் படைக்கலமும்

கி.பி. 895 அளவில் கார்பாத்தியப் படுகையில் குடியேறிய மகியார்களின் போர் வாழ்வை அறிய 10ஆம் நூற்றாண்டுப் புதைகுழிகள் முதன்மைச் சான்றுகளாகின்றன. இவற்றுள் குதிரை பெரும்பாலும் முழுமையாக இடப்படவில்லை. மண்டையோடும் கீழ்க்கால் எலும்புகளுமே கிடைக்கின்றன. உடன் இரும்பு அங்கவடியும் கடிவாளமும் உள்ளன. மரத்தாலான சேணமும் வில்லும் மட்கிவிட, வில்லின் எலும்புத் தகடுகள் எஞ்சுகின்றன. அம்புமுனைகள் பரவலாகவும் வளைவாள்கள் அரிதாகவும் காணப்படுகின்றன.

சேணக் கருவிகள் உள்ள குழிகளை வீரர்க்குரியனவாகக் கொள்ளும் போக்கு உண்டு. ஆயின் பெண்களின் குழிகளிலும் உலோகப் பூவணிகள் பதித்த குதிரைப் பூட்டுகள் கிடைத்துள்ளன. எனவே, இறந்தவர் ஆணா பெண்ணா என்பதை எலும்பாய்வால் துணிந்த பின்னரே பொருள்களுக்கு விளக்கம் காண்டல் தகும். அவ்வாறு காணின், குதிரைச் சேணம் போர்த்தொழிலைக் காட்டிலும் குடும்பத்தின் உயர்நிலையையே மிகுதியும் சுட்டுகிறது எனலாம்.