யாருடைய சொல் செல்லும்? பிளாக்பர்ன் ரோவர்ஸ் கழகத்தின் 2012–13 பருவம்

(சற்றே நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

2013 ஏப்ரலில் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர் நோர்வே நாட்டவரான ஹென்னிங் பெர்க். எதிர்த்தரப்பு, அவர் ஒரு காலத்தில் ஆடிப் புகழ்பெற்ற பிளாக்பர்ன் ரோவர்ஸ் கால்பந்துக் கழகம். 57 நாட்கள் மட்டுமே மேலாளராக இருந்து நீக்கப்பட்ட அவருக்கு, ஒப்பந்தத்தின் எஞ்சிய காலத்துக்காக 22.5 இலட்சம் பவுண்டு தரவேண்டும் என்பதைக் கழகம் முதலில் ஒப்புக்கொண்டிருந்தது. பின்னர் அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற அனுமதி கோரியது. அதற்குச் சொன்ன காரணங்களுள் ஒன்று வியப்புக்குரியது: கழகத்தின் நிர்வாக இயக்குநர், உரிமையாளர்கள் தந்த அதிகாரத்தை மீறிச் செயல்பட்டார் என்பது. நீதிபதி அனுமதி மறுத்தார்.

137 ஆண்டுப் பழமை கொண்ட ஒரு நிறுவனம், தன் பெயரால் பேச யாருக்கு உரிமை உண்டு என்று தானே அறியாத நிலைக்கு எவ்வாறு வந்தது? இக்கேள்விக்கு விடை தேடும் முயற்சியே இப்பதிவு.

பிளாக்பர்ன், லங்காஷயரின் நெசவு நகரம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் தறிகளில் நெய்யப்பட்டவற்றுள் பெரும்பங்கு இந்தியச் சந்தைக்கான வேட்டித் துணி. முதல் உலகப் போருக்குப் பின் அச்சந்தை சுருங்கியபோது அந்நகரின் ஆலைகளும் ஓய்ந்தன. 1931 செப்டம்பரில் காந்தியடிகள் அருகிலுள்ள டார்வென் ஊரில் தங்கி வேலையிழந்த தொழிலாளரைச் சந்தித்தது இப்பின்னணியில்தான். ஆலைகள் மறைந்தபின் அந்நகருக்கு எஞ்சிய பெருமைகளுள் முதன்மையானது கால்பந்து. 1875இல் தொடங்கிய ரோவர்ஸ் கழகம், 1888இல் கால்பந்து லீக்கையும் 1992இல் பிரீமியர் லீக்கையும் தோற்றுவித்த கழகங்களுள் ஒன்று. எஃப்.ஏ. கோப்பையை ஆறு முறை வென்றது. உள்ளூர் எஃகு வணிகர் ஜாக் வாக்கரின் செல்வத்தாலும் கென்னி டால்கிளிஷின் வழிநடத்தலாலும் 1995இல் பிரீமியர் லீக் பட்டத்தையும் வென்றது. அந்த அணியின் தற்காப்பு வீரர்களுள் ஒருவரே மேற்சொன்ன பெர்க்.

வாக்கர் 2000இல் மறைந்தார். அவர் நிறுவிய அறக்கட்டளை, 2010 நவம்பரில் கழகத்தைப் புனேயின் வெங்கீஸ் குழுமத்துக்கு 2.3 கோடி பவுண்டுக்கு விற்றது. பி.வி. ராவ் 1971இல் தொடங்கிய கோழிப்பண்ணைத் தொழிலை வளர்த்தெடுத்த அவர் மக்கள் அனுராதா தேசாய், வெங்கடேஷ் ராவ், பாலாஜி ராவ் ஆகியோர், பிரீமியர் லீக் கழகம் ஒன்றின் முதல் இந்திய உரிமையாளர்கள் ஆயினர். அடுத்த மாதமே, அணி 13ஆம் இடத்தில் இருக்கையில், அனுபவமிக்க மேலாளர் சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டார். பயிற்சிக் குழுவிலிருந்த ஸ்டீவ் கீன் அவ்விடத்துக்கு உயர்த்தப்பட்டார். 2011 பிப்ரவரியில் தலைவர் ஜான் வில்லியம்ஸ் விலகினார். கழகத்தின் நடைமுறை அறிந்த பிறரும் ஒவ்வொருவராகச் சென்றனர்.

கீனை நீக்குமாறு 2011 டிசம்பரில் உரிமையாளர்களுக்குக் கடிதம் எழுதினார் துணைத் தலைமை நிர்வாகி பால் ஹன்ட். 2012 மே 7 அன்று விகனிடம் தோற்று அணி இரண்டாம் நிலைக்கு இறங்கியது. அன்று ஆடுகளத்தில் கழகக் கொடி போர்த்திய கோழி ஒன்று ஓடியதை உலகமே பார்த்தது. ஹன்டின் கடிதம் வெளியில் கசிந்தது. அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். எச்சரித்தவர் வெளியேற, எச்சரிக்கைக்கு உரியவர் பதவியில் நீடித்தார்.

இத்தகைய சூழலில்தான் 2012–13 பருவம் தொடங்கியது. பணத்துக்குக் குறைவில்லை. ஜோர்டன் ரோட்ஸ் என்ற முன்கள வீரர் 80 இலட்சம் பவுண்டுக்கு வாங்கப்பட்டார். அவர் அப்பருவத்தின் லீக் ஆட்டங்களில் 27 கோல்கள் அடித்தார். குறைந்தது வேறொன்று. முன்னாள் மலேசிய வீரர் ஷெபி சிங் ‘உலகளாவிய ஆலோசகர்’ என்ற பெயரில் அமர்த்தப்பட்டார். டெரெக் ஷா நிர்வாக இயக்குநராக இருந்தார். உரிமையாளர்கள் புனேயில் இருந்தனர். மேலாளருக்கு மேலே மூன்று அதிகார மையங்கள். எதன் சொல் இறுதியானது என்பதோ தெளிவாக இல்லை.

செப்டம்பர் 28 அன்று, அணி பட்டியலின் முன்வரிசையில் இருந்தபோதே கீன் விலகினார். எரிக் பிளாக் தற்காலிகப் பொறுப்பேற்றார். அக்டோபர் 31 அன்று பெர்க் அமர்த்தப்பட்டார். பத்து ஆட்டங்களில் ஒரே வெற்றி பெற்று டிசம்பர் 27 அன்று நீக்கப்பட்டார். இளைஞர் அணிகளோடு பணியாற்றிய கேரி போயர் சில நாட்கள் அணியைக் கவனித்தார். 2013 ஜனவரி 11 அன்று மைக்கேல் ஆப்பிள்டன் வந்தார். பிப்ரவரி 16 அன்று லண்டனில், ஆர்சனலை அதன் சொந்த அரங்கிலேயே எஃப்.ஏ. கோப்பையில் 1–0 என்று அவரது அணி வென்றது. மார்ச் 19 அன்று அவரும் நீக்கப்பட்டார். அவர் பதவியில் இருந்தது 67 நாட்கள். மீண்டும் போயர் அழைக்கப்பட்டார். ஒரே பருவத்தில் ஐவர், ஆறு ஆட்சிகள். 24 அணிகளுள் 17ஆம் இடம், 58 புள்ளிகள். 54 புள்ளிகள் பெற்ற பீட்டர்பரோ மூன்றாம் நிலைக்கு இறங்கியது. இடைவெளி நான்கே புள்ளிகள்.

‘கோழி வணிகர்களுக்குக் கால்பந்து தெரியுமா’ என்ற ஏளனம் அன்று இங்கிலாந்தில் மிகுதி. இந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. வாக்கருக்குத் தெரிந்த தொழில் எஃகு. அவரும் வரி கருதி ஜெர்சித் தீவில் வாழ்ந்தவரே. ஆனால் தக்கவர் ஒருவரைத் தேர்ந்து, அணிப் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்து, அவருக்குத் துணை நின்றார். உரிமையாளர் வெளிநாட்டவர் என்பதும் காரணமன்று. அந்நகரின் இன்றைய மக்களுள் கணிசமானோர் இந்திய, பாகிஸ்தானிய வேர் கொண்டவர்கள். நிறுவனத்தை வாங்கியவர்கள், அதை இயங்கவைத்த நினைவாற்றலை வாங்க மறந்தார்கள் என்பதே என் கருத்து. வில்லியம்ஸ் போன்றோர் விலகியபோது கணக்கேட்டில் அது இழப்பாகப் பதிவாகவில்லை. ஆனால் எந்த முடிவை யார் எடுப்பது, யாரிடம் சொல்லி எடுப்பது என்ற எழுதப்படாத ஒழுங்கு அவர்களோடு போய்விட்டது. பெர்க் வழக்கில் நீதிமன்றத்தின் முன் வந்து நின்றது அந்த வெற்றிடமே.

இன்னொரு பக்கமும் சொல்லவேண்டும். வெங்கீஸ் குடும்பம் கழகத்தைக் கைவிட்டு ஓடவில்லை. ஆண்டுதோறும் இழப்பைத் தாங்கிப் பணம் அளித்து வந்தது. 2017இல் மூன்றாம் நிலைக்கு இறங்கிய முதல் முன்னாள் பிரீமியர் லீக் சாம்பியன் என்ற அவப்பெயர் கழகத்துக்கு வந்தது. மறு ஆண்டே அது மீண்டும் இரண்டாம் நிலைக்கு ஏறியது. ஆயினும் இவற்றுள் எதிலும் அந்நகர மக்களுக்குக் கருத்துச் சொல்ல வழி இருக்கவில்லை. தந்தை, பாட்டன் காலம்தொட்டு ஒரே அரங்குக்குச் சென்றவர்களுக்குச் சட்டத்தின் கண்ணில் இருந்த தகுதி, நுழைவுச்சீட்டு வாங்குவோர் என்பது மட்டுமே.

2025இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் கால்பந்து நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றி, உரிமையாளர்களையும் இயக்குநர்களையும் ஆராயும் தனிப்பட்ட ஒழுங்காற்று அமைப்பை ஏற்படுத்தியது. பல கழகங்களின் துயரக் கதைகள் அதற்குப் பின்னால் உள்ளன. சட்டம் உரிமையாளரின் தகுதியைச் சோதிக்கலாம். ஆனால் ஒரு பழைய நிறுவனத்துக்குள் நுழையும் புதியவர், அங்கு ஏற்கெனவே இருப்பவர்களிடம் முதலில் கேட்டறிய வேண்டும் என்பதை எந்தச் சட்டப்பிரிவில் எழுதுவது? பல்கலைக்கழகங்கள், நூலகங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் என்று நம்மைச் சுற்றியுள்ள நிறுவனங்களை நினைத்தபடியே இக்கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.