கோழிக்கூடத்தில் கற்ற வெளிச்சம்

கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரூன் 1863-இல், 48 வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கேமராவோடு இங்கிலாந்தின் வைட் தீவில் உருவப்படம் எடுக்கப் பழகினார். கண்ணாடி பதித்த பழைய கோழிக்கூடமே ஸ்டூடியோ. அக்கால வணிகப் படக்காரர்கள் முகமெங்கும் சமமாக ஒளி பரப்பினார்கள். அவரோ வெளிச்சத்தைக் குறைத்து ஒரு பக்கமிருந்து விழவிட்டார். அன்று படம் பதியப் பயன்பட்ட கொலோடியன் தட்டு ஒளியை உணர்வதில் மந்தமானது; அதனால் அமர்ந்தவர் நிமிடக்கணக்கில் அசையாதிருக்க வேண்டியிருந்தது.

படங்கள் மங்கலானதற்குக் கைத்திறன் இல்லாததே காரணம் என்றார்கள் விமர்சகர்கள். தொடக்கத்துக்கு அது பொருந்தும். முதல் மங்கல் தற்செயல் என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் 1867-இல் எடுத்த வானியலாளர் ஜான் ஹெர்ஷலின் படத்தில் உடையும் பின்னணியும் இருளில் கரைய, வெண்முடியும் முகச் சுருக்கங்களும் மட்டும் துலங்குகின்றன. அதையும் தற்செயல் என்பது அநியாயம். ஒளியைச் சேர்ப்பதைவிட விலக்கக் கற்றதில்தான் அவருடைய தேர்ச்சி இருக்கிறது.