நடுக்குவாதமும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும்

நடுக்குவாதம் எனப்படும் பார்கின்சன் நோயில், நடுமூளையின் சப்ஸ்டான்ஷியா நைக்ரா பகுதியில் டோபமின் சுரக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக மடிகின்றன. இந்த அழிவுக்குக் கூறப்படும் காரணங்களுள் முக்கியமானது ஆக்சிஜனேற்ற அழுத்தம். உயிரணுவில் உண்டாகும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளை, அங்குள்ள ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகளால் தணித்து முடிக்க இயலாத நிலை இது.

உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. டோபமின் அணுக்களுக்குக் கூடுதல் சுமையும் உண்டு. மோனோஅமைன் ஆக்சிடேஸ் நொதி டோபமினைச் சிதைக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு பிறக்கிறது. அது அப்பகுதியில் தேங்கும் இரும்புடன் வினைபுரிந்தால் ஹைட்ராக்சில் தனி உறுப்பாகிறது. அதை அழிக்க உடலில் நொதி எதுவும் கிடையாது. நோயாளிகளின் மூளையில் இதே பகுதியில் குளுட்டதயோன் என்னும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்பி குறைந்திருப்பதும் கண்டறியப்பட்டுள்ளது.

வலுவான சான்று ஒரு விபரீதத்திலிருந்து கிடைத்தது. 1982இல் கலிபோர்னியாவில், கள்ளத்தனமாகத் தயாரித்த செயற்கைப் போதைமருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்ட சில இளைஞர்கள் சில நாட்களிலேயே உடல் விறைத்து, முற்றிய நடுக்குவாத நோயாளிகளைப் போல் ஆயினர். அதில் கலந்திருந்த எம்பிடிபி என்னும் வேதிப்பொருளே காரணம் என்று வில்லியம் லாங்ஸ்டன் குழுவினர் 1983இல் அறிவித்தனர். அது மூளையில் வேறொரு நச்சாக மாறி, டோபமின் அணுக்களுக்குள் புகுந்து, மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றலாக்கத் தொடரில் உள்ள முதலாம் கூட்டமைப்பை முடக்குகிறது; அது முடங்கினால் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகும். போதைமருந்தைத் தொடாத சாதாரண நோயாளிகளிடமும் அதே கூட்டமைப்பு நலிந்திருப்பது 1989இல் தெரியவந்தது.

அப்படியானால் எதிர்ப்பிகளைக் கொடுத்தால் நோய் தணிய வேண்டுமே? தணியவில்லை. 800 பேர் பங்கேற்ற டேட்டாடாப் ஆய்வில் நாளொன்றுக்கு 2,000 அலகு வைட்டமின் ஈ கொடுத்தும் பயனில்லை என 1993இல் முடிவு வெளியானது. மற்றோர் எதிர்ப்பியான கோஎன்சைம் கியூ10 பற்றிய ஆய்வு பலன் தெரியாமல் 2011இல் இடையில் நிறுத்தப்பட்டது. இரத்தத்தில் எதிர்ப்பியாகச் செயல்படும் யூரிக் அமிலம் மிகுந்தவர்களுக்கு இந்நோய் குறைவாக வருவதைக் கண்டு, அதை உயர்த்தும் இனோசினைக் கொடுத்துப் பார்த்த ஆய்வும் தோற்றது. ஆகவே, மருந்துக்கடையில் நரம்புக்கு நல்லது என்று விற்கும் எதிர்ப்பி மாத்திரைகளுக்கு இந்நோயைப் பொறுத்தவரை ஆதாரம் இல்லை.

நடுக்கம் வெளிப்படும் முன்பே அணுக்களில் பெரும்பங்கு அழிந்துவிடுவதும், வைட்டமின் ஈ மூளைக்குள் எளிதில் சேராததும் தோல்விக்குச் சொல்லப்படும் காரணங்கள். ஆக்சிஜனேற்றம் நோயின் வேரா, விளைவா என்ற கேள்வி அதைவிட ஆழமானது. இயக்க நரம்பணு நோயின் கதை இங்கே எச்சரிக்கை. எஸ்ஓடி1 என்னும் எதிர்ப்பி நொதியின் மரபணுப் பிறழ்வு அந்நோயைத் தரும் என 1993இல் தெரிந்தபோது, பாதுகாப்பு குறைவதே காரணம் என்று எண்ணினர். ஆனால் அந்நொதியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு அந்நோய் வரவில்லை. பிறழ்ந்த புரதம்தான் நச்சாகியிருந்தது.

அண்மைக்கால முயற்சிகள் உயிரணுவின் சொந்தப் பாதுகாப்பைத் தூண்டுவதை நாடுகின்றன. எதிர்ப்பி நொதிகள் பலவற்றின் உற்பத்தியை முடுக்கும் என்ஆர்எஃப்2 புரதத்தைச் செயல்படுத்தும் ஓமாவெலாக்சோலோன் மருந்துக்கு 2023இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. அது நடுக்குவாதத்துக்கு அன்று, ஃப்ரீட்ரைக் அட்டாக்சியா என்னும் அரிய மரபு நோய்க்கு.