உரலும் இளவட்டக்கல்லும்

தென்பாண்டிச் சீமையின் பழைய ஊர்கள் பலவற்றில், கோயில் வாசலிலோ மந்தையிலோ, உருண்டு திரண்ட கல்லொன்று பாதி மண்ணில் புதைந்து கிடப்பதைக் காணலாம். இளவட்டக்கல் என்பர். கைக்குப் பிடி கொடுக்காத வழவழப்பான கல். அதனை முழங்காலுக்கு ஏற்றி, நெஞ்சோடு அணைத்து, தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்புறமாக எறிந்து காட்டியவனுக்கே பெண் கொடுப்பார்கள் என்று ஊர்ப்பெரியவர்கள் கதை சொல்வார்கள். கதையில் மிகையிருக்கலாம், கல்லில் இல்லை. ஓர் ஆணின் உடல்வலிமையை ஊர் கூடி நின்று பார்த்து ஒப்புக்கொள்வதற்கென்றே அக்கல் அங்கே கிடந்தது.

அதே ஊரில், அதே தெருவில், வீட்டின் பின்கட்டில் இன்னொரு கல் கிடந்தது. உரல். பூண் கட்டிய உலக்கையைத் தோளுயரத்துக்கு மேல் தூக்கிக் குத்தி, மீண்டும் தூக்கி, கை மாற்றி, ஒரு வீட்டுக்கு வேண்டிய அரிசியைப் பெண்கள் குத்தி எடுத்தார்கள். எத்தனை முறை தூக்கினார்கள் என்று எவரும் எண்ணவில்லை. முன்னதற்கு வலிமை என்று பெயர். பின்னதற்கு வேலை என்று பெயர். பெண்ணுடலின் வலிமை குறித்த நம் சரித்திரம் முழுவதும் இந்தப் பெயர் வேறுபாட்டில் அடங்கிக் கிடப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

இலக்கியமும் இதற்கு விலக்கன்று. கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறுதழுவும் இளைஞர்களின் தோளும் மார்பும் விரிவாகப் பேசப்படுகின்றன. குறிஞ்சிக்கலியிலோ பெண்கள் யானைக் கொம்பை உலக்கையாகக் கொண்டு குத்துகிறார்கள். யானைக் கொம்பு! அதைத் தூக்கிய கைகளைப் பற்றி வியப்பார் இல்லை. குத்துகிறவர்களே தலைவனின் மலையைத்தான் பாடுகிறார்கள். சிலப்பதிகாரத்து வாழ்த்துக்காதையின் வள்ளைப்பாட்டிலும் உலக்கை பிடித்தவர்கள் பாடுவது மூவேந்தர் புகழையே. (வள்ளைப்பாட்டை வகுப்பில் நடத்தும்போது உலக்கையைத் தொட்டுத் தூக்கிய மாணவி ஒருவராவது உண்டா என்று கேட்பது நம் வழக்கம். அண்மை ஆண்டுகளில் கை உயர்வதில்லை. அதற்காக வருந்த வேண்டியதில்லை என்பதைப் பின்னர்ச் சொல்வோம்.)

செட்டிநாட்டுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்த நகரத்தார் வீடுகளை இன்று பயணிகள் முகப்பிலிருந்து பார்க்கிறார்கள். பர்மாத் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கற்களும் படமெடுக்கப்படுகின்றன. வீட்டை இயக்கிய விசை இருந்ததோ பின்கட்டில். ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிற்கப் போய் ஆண்டுக்கணக்கில் திரும்பாதிருந்த காலத்தில் வீட்டை நடத்தியவர்கள் ஆச்சிமார்கள். உரல், அம்மி, ஆட்டுக்கல், திரிகை என்று கல்லோடுதான் சமையற்கட்டு புழங்கியது. ஊருணியிலிருந்து தண்ணீர் வந்தாக வேண்டும். பத்துப் பதினைந்து லிட்டர் கொள்ளும் குடத்தை இடுப்பில் ஏற்றிப் படியேறுவது எளிய காரியமன்று. ஆனால் உண்மையை முழுதாகச் சொல்வதாயின், பெரிய வீடுகளில் இவற்றுள் பெரும்பாலானவற்றைச் செய்தவர்கள் கூலிக்கு வந்த பெண்கள். அவர்களுடைய படம் எந்த வீட்டுப் பட்டாலையிலும் மாட்டப்படவில்லை.

வேலையாக அல்லாமல் பயிற்சியாகவே உடல்வலிமையைப் பெற்ற பெண் இந்தச் சீமையில் இருந்ததே இல்லையா என்றால், இருந்தார். ஊரறிந்த பெயர்தான். இராமநாதபுரம் சேதுபதி செல்லமுத்துவின் மகளாக 1730இல் பிறந்த வேலு நாச்சியார், சிவகங்கையின் முத்துவடுகநாதரை 1746இல் மணந்தார். 1772இல் காளையார்கோவிலில் கணவர் கும்பினிப் படையால் கொல்லப்பட்டபின், மகள் வெள்ளச்சியுடன் திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சிப் பாளையத்தில் எட்டு ஆண்டுகள் கழித்தார். ஐதர் அலியின் உதவியும் மருது சகோதரர்களின் துணையும் பெற்று 1780இல் சிவகங்கையை மீட்டார். இவையெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே உள்ளன. நாம் நின்று பார்க்க விரும்புவது அதற்கு முந்திய பகுதியை. வளரி, சிலம்பம், வாள்வீச்சு, குதிரையேற்றம் ஆகியவற்றை அவர் இளமையிலேயே பயின்றார் என்பது மரபு. ஏன் பயிற்றுவித்தார்கள்? அவர் ஒரே மகள். அரண்மனையில் ஆண்பிள்ளை இல்லை. மகனுக்கென்று வைத்திருந்த பயிற்சி, மகன் பிறவாமையால் மகளுக்குக் கிடைத்தது என்றே நாம் படிக்கிறோம். ஓர் அண்ணனோ தம்பியோ பிறந்திருந்தால் அந்த வளரி யார் கைக்குப் போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

அவரோடு சேர்த்துப் பேசப்படும் உடையாளும் குயிலியும் பெரிதும் வாய்மொழி மரபில் வாழ்பவர்கள். ஆவணத்தில் இடம்பெற அரச குலத்தில் பிறந்திருக்க வேண்டியிருந்தது. ஏனையோருக்கு ஊராரின் நினைவுதான் ஏடு. 1801இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டபின், இப்பகுதி மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைக் கும்பினியார் தடைசெய்தனர். ஆண்களின் கையிலிருந்தே வளரி போய்விட்டது. பெண்களுக்கு உலக்கை மிஞ்சியது.

அடுத்த காட்சிக்கு நாம் கடல் கடக்க வேண்டும். நகரத்தார் முதல் சென்ற அதே மலாயாவுக்குத் தமிழகத்து ஏழைகள் கங்காணிகளின் பின்னால் சென்று இரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டினார்கள். பெண்கள் இருள் பிரியுமுன் எழுந்து, மரத்துக்கு மரம் நடந்து, பால்வாளி சுமந்தார்கள். 1943 ஜூலையில் சிங்கப்பூரில் சுபாஷ் சந்திர போஸ் பெண்களுக்கென்று தனிப் படைப்பிரிவு வேண்டும் என்று அழைத்தபோது, சென்னையில் படித்த மருத்துவரான லட்சுமி சுவாமிநாதன் அதற்குத் தலைமையேற்றார். அவ்வாண்டு அக்டோபரில் பயிற்சி முகாம் தொடங்கியது. ஜான்சிராணிப் படை என்று பெயர். (1857க்கு 77 ஆண்டுகள் முன்னதாகவே இழந்த நாட்டை மீட்டுக்காட்டிய சிவகங்கை ராணியின் பெயர், தமிழ்ப் பெண்கள் இத்தனை பேர் சேர்ந்த படைக்கு யாருக்கும் தோன்றாமற் போனது சரித்திரத்தின் சிறு குறும்பு.)

கோலாலம்பூரின் வசதியான குடும்பத்தில் பிறந்து பதினெட்டு வயதில் சேர்ந்த ஜானகி தேவரை நாம் அறிவோம். அவர் பின்னாளில் மலேசிய இந்தியர் அரசியலில் ஈடுபட்டு, 2014இல் மறைந்தார். அவரைவிட நம் ஆர்வத்தைத் தூண்டுவோர் பெயர் அறியப்படாத தோட்டப் பெண்கள். அணிவகுப்பு, உடற்பயிற்சி, துப்பாக்கி, துப்பாக்கிமுனைக் கத்தி, நெடுநடை என்று நாள் முழுதும் பயிற்சி. கால்சட்டை அணிந்தார்கள், பலர் கூந்தலைக் கத்தரித்துக்கொண்டார்கள். இவர்களுக்கு உழைப்பு புதிதன்று, பாரம் புதிதன்று. அவர்களது வாழ்வில் முதன்முறையாக நேர்ந்தது வேறொன்று: உடலை வலிமையாக்குவதே ஒரு பணியென்று யாரோ சொன்னார்கள், அதற்கென்று நேரம் ஒதுக்கினார்கள், நிமிர்ந்து நிற்கச் சொன்னார்கள். தோட்டத்தில் துரைக்கும் கிராணிக்கும் முன்னால் தலை தாழ்த்தியே பழகிய உடல்கள் அவை. போர்முனைத் தாக்குதலில் இப்படை ஈடுபடுத்தப்படவில்லை என்று சொல்லி அதன் வரலாற்றைச் சுருக்கிவிடுவோர் உண்டு. 1945 ஏப்ரலில் ரங்கூனைக் கைவிட்டுப் பின்வாங்கியபோது, விமானத் தாக்குதலுக்கு அஞ்சிப் பகலில் பதுங்கி, இரவுகளில் அவர்கள் நடந்த நடையைச் சேர்த்துக்கொண்டு பேசினால் அந்தச் சுருக்கம் நிற்காது.

நிற்க. போருக்குப் பின் நம் ஊரில் நிகழ்ந்த மாற்றம் படையினால் வந்ததன்று, மோட்டாரினால் வந்தது. நெல்லுக்கு ஆலை வந்தது. 1950களில் கோயம்புத்தூரில் உருவான மாவரைக்கும் இயந்திரம் மெல்ல மெல்ல ஆட்டுக்கல்லை ஓய்வுகொள்ள வைத்தது. பின்னர் மிக்ஸி, பின்னர்க் குழாய்த் தண்ணீர். உரல்கள் தோட்டத்து மூலைக்குப் போயின. காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் அம்மியும் குழவியும் அலங்காரத்துக்காக விலைபோகின்றன.

“அந்தக் காலத்துப் பெண்கள் குத்தினார்கள், அரைத்தார்கள், திடமாக இருந்தார்கள், இந்தக் காலத்தில் பொத்தானை அமுக்கிவிட்டு நோய் தேடிக்கொள்கிறார்கள்” என்ற புலம்பலை நாம் அடிக்கடி கேட்கிறோம். சொல்பவர் பெரும்பாலும் உலக்கை தொடாத ஆணாக இருப்பது தற்செயலன்று. இந்தப் புலம்பலில் பாதி உண்மையும் பாதி மறதியும் கலந்துள்ளன. பாரம் சுமக்கும் எலும்பு உறுதிப்படும், பளு தூக்கும் தசை வளரும் என்பது உண்மை. ஆனால் உழைப்பு வேறு, பயிற்சி வேறு. பயிற்சியில் பளு சிறுகச் சிறுகக் கூடும். இடையே ஓய்வு உண்டு. தசை வளரத் தேவையான பருப்பும் பாலும் முட்டையும் உண்டு. உழைப்பில் பேறுகாலத்துக்கு அடுத்த வாரமும் அதே குடம்தான். எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்டவர்கள் அவர்கள். திடமாக இருந்த பாட்டிமாரை நினைவில் வைத்திருக்கிறோம். கூனிப்போனவர்களையும் இளமையில் செத்தவர்களையும் மறந்துவிட்டோம். அந்தக் குறை இன்னும் தீரவில்லை: 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள்.

எனவே உரல் திரும்பி வர வேண்டியதில்லை. உரல் போன இடம் வெற்றிடமாக இருக்கிறது என்பதே சிக்கல். மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தி விரைந்து குறைகிறது. தசையோ அதற்கு முன்பே, முப்பதுகளிலிருந்தே, குறையத் தொடங்கிவிடுகிறது. நடைப்பயிற்சி நல்லது, ஆனால் அது இந்த இழப்பை ஈடுகட்டப் போதாது. உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளை வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது. வயதாகிவிட்டதே என்போருக்கு பாஸ்டன் நகரில் நடத்தப்பட்டு 1990இல் வெளிவந்த ஆய்வொன்றைச் சொல்லலாம். 86 முதல் 96 வயதுவரையிலான பத்து முதியோர் எட்டு வாரங்கள் காலுக்கான பளுப்பயிற்சியில் சேர்ந்தனர். பயிற்சியை நிறைவுசெய்த ஒன்பதுபேரின் தசை வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது.

இதற்குப் பெரிய கூடங்கள் தேவையில்லை. கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவதில் தொடங்கலாம், சுவரில் கைவைத்துத் தள்ளலாம், பையில் இரண்டு கிலோ அரிசி வைத்துத் தூக்கி அடுத்த வாரம் மூன்றாக்கலாம். இரத்த அழுத்தமோ மூட்டுவலியோ உள்ளவர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது முறை. பலன் அன்றாடத்தில் தெரியும். இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைத் திண்டில் ஏற்ற எத்தனை வீடுகளில் ‘தம்பி வரட்டும்’ என்று காத்திருக்கிறார்கள்! ஏறத்தாழ முப்பது கிலோ எடையுள்ள எரிவாயு உருளையை நகர்த்துவதற்கும் அதே காத்திருப்பு. காத்திருப்பவளின் பாட்டி ஊருணியிலிருந்து குடம் சுமந்தவள். காரைக்குடியில் உடற்கல்விக்கென்றே ஒரு கல்லூரி இருக்கிறது. பயிற்றுவிக்கத் தெரிந்த பெண்களும் இங்கேயே இருக்கிறார்கள். கேட்டுச் செல்லும் நடுவயதுப் பெண்கள்தான் குறைவு. ‘உடம்பு முறுக்கேறிவிடும்’, ‘கர்ப்பப்பை இறங்கிவிடும்’, ‘நாலுபேர் என்ன சொல்வார்கள்’ என்ற மூன்றில் கடைசியே பெரும்தடை. முதலிரண்டும் அதற்குப் போட்ட முகமூடி.

நாலுபேர் பார்க்க ஒரு பெண் பளுத் தூக்குவதற்கு உலகமும் நெடுநாள் இடம் தரவில்லை. 1896இல் ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலேயே ஆண்களுக்குப் பளுதூக்குதல் இருந்தது. பெண்களுக்கு அது 2000ஆம் ஆண்டு சிட்னியில்தான் சேர்க்கப்பட்டது. இடையே 104 ஆண்டுகள். அந்த முதல் வாய்ப்பிலேயே ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்துக் கர்ணம் மல்லேசுவரி 69 கிலோ பிரிவில் மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே.

நம் பக்கத்திலும் கல் அசைந்திருக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் பொங்கல் தோறும் நடக்கும் இளவட்டக்கல் போட்டியில் இப்போது பெண்களும் இறங்குகிறார்கள். சேலையை வரிந்து கட்டியவர்களும் சுடிதார் அணிந்தவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். ஆண்களுக்கானதைவிட எடை குறைந்த கல்தான்; ஆனாலும் மந்தையில், ஊர் பார்க்க, தோளுக்கு மேல் தூக்கிப் பின்னால் எறிகிறார்கள். அதே விழாவில் உரல் தூக்கும் போட்டியும் உண்டு. பின்கட்டிலிருந்த உரலை யாரோ மந்தைக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். அங்கே எத்தனை முறை தூக்கினார்கள் என்று எண்ணவும் செய்கிறார்கள்.