வ (ஜப்பானிய இடைச்சொல்)

ஜப்பானிய வாக்கியத்தின் பேசுபொருளைக் காட்டும் இடைச்சொல் 'வ'. எழுதுவது 'ஹ' எழுத்தால். ஒலிப்பது 'வ' என்று. எழுவாய்க்கு உரியது 'க'. "போடி வ கருதமோன் க யூமேய் தெசு" என்பதில் போடிநாயக்கனூர் பேசுபொருள், ஏலக்காய் எழுவாய். 'போடிக்கு ஏலக்காய் பேர்போனது' என்று தமிழ் நான்காம் வேற்றுமையால் சொல்வதற்கு இது மிக நெருக்கம். "யானைக்குத் தும்பிக்கை நீளம்" என்பதும் இதே அமைப்புதான். அதன் ஜப்பானிய வடிவத்தையே மிகாமி அகிரா 1960இல் தம் இலக்கண நூலுக்குத் தலைப்பாக்கினார்.

'மலையிலோ மழை, போடியிலோ வெயில்' என்பதில் 'ஓ' காட்டும் வேறுபாட்டையும் 'வ' காட்டும். எழுவாயின் 'க', செயப்படுபொருளின் 'ஒ' இரண்டும் 'வ' வரும்போது மறையும். இடங்காட்டும் 'நி', 'தெ' மறையாமல் 'நிவ', 'தெவ' ஆகும். தொடக்கநிலை மாணவர் அதிகம் தடுமாறுவது வினாச்சொல்லில்: 'யார்' எழுவாயானால் 'தரே க' என்பதே சரி, விடையிலும் 'க' தான் வரும்.